மூன்று வாரம் தேடிய பேஸ்ட்

முதன்முதலாகத் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யப்போகும் கணவன், பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. மூன்று வாரம் அலசி, ப்ராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டை வாங்கிவந்தான்.

மைத்துனன் சிரித்தான். "மாமா, கூலர்லயே கம்பெனிக்காரன் பேஸ்ட் தடவித்தான் அனுப்புவான். இத வச்சுப் பல்லு விளக்குங்க!"

"போடா! இது தடவாம வர்ற கூலர். படிக்காமயா வாங்குவேன்?"

"தடவியிருந்தா போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுடுவேன். உங்க மானம் போயிடும்."

"தாராளமாப் போடு."

பெட்டியைத் திறந்தார்கள். கூலரின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. பேஸ்ட் பொட்டுக்கூட இல்லை.

கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மைத்துனன் போட்டோ எடுக்க நீட்டிய போனை இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தான்.

"அவர் சொன்னா சரியாத்தாண்டா இருக்கும்" என்றாள் அவள், காலையில் அந்தக் கூலரிலிருந்து வழித்தெடுத்த சாம்பல்நிறப் பேஸ்ட் இன்னும் போகாத விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.