கோள் சொல்லும் கடைவாய்ப்பல்

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வலி வரும் முன்பே பல் டாக்டரிடம் போன முதல் ஆளும் நான்தான். சொத்தையை அடைத்தபோது, ஈறு கெடாமல் கவனிக்கும் என்று ஒரு சிப்பையும் கடைவாய்ப்பல்லுக்குள் வைத்துவிட்டார்கள். தின்பதையெல்லாம் அது எழுதி வைக்கிறது.

இப்போது வாடகைக்கு வீடு கேட்டால் அந்தப் பல் ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள். காவி ஏறிய பற்களோடு வீட்டுக்காரர் படித்தார்.

"ரெண்டு வேளையும் பல்லு தேய்க்கிறே, ஈறு சுத்தம். ஆனா ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறின்னு போட்டிருக்கேம்மா?"

"எங்கம்மா சமைச்சது சார்."

"நமக்குச் சரிப்பட்டு வராதும்மா."

இது ஐந்தாவது வீடு. நேராக டாக்டரிடம் போனேன்.

"சிப்பை மட்டும் எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லம்மா. பல்லையேதான் பிடுங்கணும். வேர் கல்லு மாதிரி இருக்கு, யோசிச்சுக்கோ."

"ஊர் பூரா கோள் சொல்லுது டாக்டர். பிடுங்குங்க."

அடுத்த ஞாயிறு, கறி போட வந்த அம்மா என் வாயைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, பல்லு எங்கடி? சொத்தையா?"

"சொத்தை அந்த வீட்டுக்காரனுங்களுக்கும்மா, பல்லு எனக்குப் போச்சு. இன்னும் ரெண்டு துண்டு போடு."