தனியாக வந்தவர்களின் மேசை

"நீங்களும் தனியாத்தான் வந்திருக்கீங்களா?" என்று பல் டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாங்க. தனியாத்தான்," என்றாள் அவள், மடியில் துணியை விரித்துக்கொண்டே.

கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடியை ஒட்டிப் போட்டிருந்த வட்ட மேசை அது. துணையில்லாமல் வந்தவர்களையெல்லாம் அதில்தான் உட்கார வைப்பார்கள். டாக்டரம்மா அன்றுதான் அங்கே மாறி வந்திருந்தார். முந்தைய மேசையில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் குறட்டையைப் பற்றி இன்னொருவர் புகார் சொன்னார்களாம்.

அவருக்கு அடுத்து ஒரு பிரம்மச்சாரி. தட்டு வந்ததும் படம் பிடித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கேமராக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. எதிரே, மரக்கடை வைத்திருந்த பெரியவர்.

பெரியவரின் மனைவி இறந்து அதிக நாளாகவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாம் என்று மகன் டிக்கெட் எடுத்து ஏற்றி அனுப்பியிருந்தான். ஏறிய நாளிலிருந்து மனிதர் மேசைக்கு வருவார், ஸ்பூனால் சூப்பைக் கலக்குவார், எழுந்து போய்விடுவார்.

அன்றும் கலக்கிக்கொண்டுதான் இருந்தார். மேசையில் பேச்சு ஓடவில்லை.

கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை அவள் எடுத்துவிட்டாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினாள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். கேமராக்காரருக்குப் புரையேறியது. அவளும் சிரித்தாள், பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பது போல அது அவள் காதில் விழுந்தது.

பெரியவர் மட்டும் நிமிரவில்லை.

மீன் வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டாள். உப்பா, புளிப்பா என்று நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. மென்றாள், விழுங்கினாள். கை தன்பாட்டுக்கு அடுத்த துண்டை வெட்டியது.

"வீட்டுக்காரர் வரலையா?" டாக்டரம்மா விடவில்லை.

இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக உண்டு. அவருக்குக் கடல் ஒத்துக்காதுங்க என்பாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அவர் போயிட்டாருங்க."

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அடப் பாவமே. என்ன ஆச்சு?"

"டீ போட்டுட்டு இருந்தாராம். நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னாராம். அடுப்பை அணைச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்தாராம். அவ்வளவுதான்." அடுத்த பஸ் எப்போது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அடுப்பை அணைச்சிருக்கார் பாருங்க. மறதிக்காரர். என்னைக்கும் அணைச்சதில்லை."

"நீங்க பக்கத்துல இல்லையா?"

"இல்லைங்க. வேலையில இருந்தேன்."

ஸ்பூன் சத்தம் நின்றது.

"நானும் கடையிலதாம்மா இருந்தேன்," என்றார் பெரியவர். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "லாரியில லோடு இறங்கிட்டு இருந்துச்சு. வீட்லேர்ந்து ஆள் வந்து கூப்பிட்டாங்க. இதோ வரேன்னேன். மிச்ச மரமும் இறங்கட்டும்னு நின்னுட்டேன்."

அவள் ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்கய்யா. ஆறிடும்."

"நீ சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

அவர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்காமலே கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு மீனையும் கேட்டு வாங்கினார். கேமராக்காரர் தன் தட்டைப் படம் பிடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் இங்கதானே உக்காருவே?" எழுந்து போகும்போது பெரியவர் கேட்டார்.

"இங்கதாங்கய்யா."

எல்லோரும் கிளம்பிய பிறகு, பயணிகள் அறைகள் இருக்கும் மேல்தளத்துக்கு அவள் போகவில்லை. சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, கப்பல் ஊழியர்கள் இறங்கும் இரும்புப் படிக்கு வந்தாள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளர் காத்திருந்தார். தனியாக வருகிறவர்களின் மேசையில் தானும் ஒரு பயணி போல் உட்கார்ந்து, பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கம்பெனி அவளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.

"அசத்திட்டீங்கக்கா," என்றார் மேலாளர். அவளைவிடச் சின்ன வயது. "அந்த மரக்கடைப் பெரியவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராமே. நாங்களும் தலைகீழா நின்னு பார்த்தோம், நடக்கலை. வீட்டுக்காரர் செத்துட்டார்னு ஒரு கதை விட்டீங்களாம். பரிமாறினவர் வந்து சொல்லிட்டு, அவரே கண்ணைத் துடைச்சுக்கிறார்."

"ம்."

"லிஃப்ட் கதையைவிட இது நல்லா எடுபடுது. அடுத்த பயணத்துலேயும் இதையே வச்சுக்கலாம். எப்படிக்கா இதெல்லாம் தோணுது உங்களுக்கு? எப்ப யோசிச்சு வச்சீங்க?"

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஓடும் இயந்திரங்களின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

"மத்தியானம் வீட்லேர்ந்து போன் வந்துச்சு, தம்பி."