இரண்டு கிலோ விமானம்

"நீ குச்சியை வெடுக்குன்னு இழுக்கிறே, அதான் மூக்கைத் தூக்கிட்டு..."

"இழுக்கலேன்னா அது எழும்பவே மாட்டேங்குது, அப்புறம் நான் என்ன..."

"மெதுவா, மெதுவான்னு கத்தினேன்ல?"

"கத்துறது சுலபம் செரோட்டிச். வா, நீ ஓட்டிக் காட்டு!"

பியெகோன் ரிமோட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில், தேயிலைச் செடிகளுக்குள் தலைகுப்புறக் கிடந்தது விமானம். காலையிலிருந்து ஐந்தாவது தடவை. இறக்கையில் நுரைப்பலகையைவிட ஒட்டுநாடாதான் அதிகம் தெரிந்தது. குழுவில் ரோனோ உட்பட மற்ற நான்கு பேரும் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர்கள், இன்னும் காணோம். கென்யாவின் இந்தக் கெரிச்சோ மலையில் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும். இப்போதே இரண்டரை.

சிகெய் சார் கோல் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"உங்க ரெண்டு பேர் வாயையும் இறக்கையில கட்டிவிட்டா, மோட்டார் இல்லாமலே பறந்திடும்," என்றார், கண்ணைத் திறக்காமல். "எனக்கு அலுத்துப்போச்சு. நாளைக்குக் கிசுமுவுல போட்டி. இன்னும் ஒரே தடவை. எழும்பலேன்னா, பியெகோன், ரிமோட் ரோனோ கைக்குப் போகும். நீ இங்கேயே இருந்துக்க."

பியெகோனின் முகம் சுருங்கிப்போனது. ஐந்து மாதமாக அவன் காத்திருந்ததே அந்த ஒரு பயணத்துக்குத்தான்.

"சார், கை சரியாத்தான் இருக்கு. விமானம்தான் கனக்குது. இது ரெண்டு கிலோ இல்லை."

"ரெண்டு கிலோதான்!" செரோட்டிச் சீறினாள். "இறக்கையை அந்தக் கணக்குக்குத்தான் வரைஞ்சேன். அரைக்கிலோ கூடியிருந்தா இந்த மலைக்காத்து தூக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நிறுத்துட்டுத்தான் கொண்டு வந்தேன். உன் கை நடுங்குறதுக்கு என் கணக்கைக் குத்தம் சொல்லாதே."

அவன் விமானத்தைச் செடிகளுக்குள்ளிருந்து எடுத்துவந்து புல்லில் வைத்தான். பள்ளிச் சமையற்கட்டை நோக்கி நடந்தான்.

திரும்பி வரும்போது ஒரு துடைப்பக் கட்டையும், பிரிக்காத சோளமாவுப் பொட்டலமும், கொஞ்சம் கயிறும் கொண்டுவந்தான். பொட்டலத்தின் மேல் இரண்டு கிலோ என்று அச்சடித்திருந்தது.

"என்னடா இது, உகாலிக் களி கிண்டப் போறியா?" என்றாள் செரோட்டிச்.

கட்டையின் நடுவில் கயிறு கட்டி சாரிடம் பிடிக்கக் கொடுத்தான். ஒரு முனையில் மாவு. மறுமுனையில் விமானம்.

விமானம் மடாரென்று தரையைத் தொட்டது. மாவு மேலே போய் ஆடியது.

"சார், பாத்தீங்களா!"

மறுபடியும் ஓடினான். அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மாவோடு சேர்த்துக் கட்டினான். கட்டை மெல்ல அசைந்து, நேராக நின்றது.

சிகெய் சார் நீண்ட மூச்சு விட்டார். "ரெண்டரை கிலோ. பேட்டரிப் பெட்டியைச் சின்னதாக்குவோம், சக்கரத்தைக் கழட்டுவோம். ரிமோட் உன்கிட்டயே இருக்கட்டும்டா."

பியெகோன் விழுந்து விழுந்து சிரித்தான். "கை நடுங்குதாம், கை! ஏம்மா கணக்குப்புலி, எந்தக் காயலான் கடையில போய் நிறுத்தே?"

செரோட்டிச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காயலான் கடையா? தேயிலைக் கொழுந்து வாங்குற நிலையத்துல நிறுத்தேன். எங்கப்பாவே அவர் கையால, தினமும் ஊர்க் கொழுந்தெல்லாம் நிறுக்கிற தராசுல போட்டுப் பாத்தார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. மூணு தடவையும் ரெண்டு கிலோதான் காட்டுச்சு."

பியெகோனின் சிரிப்பு நின்றது. சர்க்கரைப் பொட்டலத்தை அவிழ்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"செரோட்டிச், எங்கம்மா பதினோரு வருஷமா உங்கப்பாகிட்ட அந்தத் தராசுலதானே கொழுந்து போட்டுக் காசு வாங்குறாங்க?"