மணிக்கு விடாத கயிறு

பெண் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டி உச்சத்தில் இருக்கிறது. விடுமுறை நாளின் பள்ளி மைதானத்தில், மாலை வெயில் செருப்புக் குவியலின் மேல் சரிந்து கிடக்கிறது. தொடக்கப் பள்ளி அணியின் கடைசி ஆளாக, போன மாதம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிறார். "கடைசியில வெயிட்டுக்கு ஒரு ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க" என்று காலையிலிருந்து அவரே சொல்லிச் சிரித்தாலும், அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்று உள்ளுக்குள் ஒரு கவலை. அணிக்கு நாலு வருடமாகத் தோல்விதான். இப்போதும் நடுவில் கட்டிய சிவப்புக் கைக்குட்டை எதிரணிப் பக்கம் ஒரு முழம் போய்விட்டது. "விடாதீங்கடி, மானம் போகுது" என்று மூச்சிரைக்கிறார். அந்த நேரம் பார்த்து, விடுமுறை தெரியாத தானியங்கி மணி கணகணவென்று அடிக்கிறது. பழக்க தோஷம், இரண்டு பக்கமும் எல்லாக் கைகளும் சட்டென்று கயிற்றை விடுகின்றன. ஒருத்தி சாக்பீஸ் தேடிப் பையைத் துழாவுகிறாள். கணக்கு டீச்சர் மட்டும் கயிற்றோடு பின்னால் போய்ப் புல்லில் பொத்தென்று உட்காருகிறார். கைக்குட்டை கோட்டைத் தாண்டி அவர் பக்கம் வந்து விழுகிறது. "செல்லாது டீச்சர், மணி அடிச்சிருச்சு" என்கிறாள் எதிரணித் தலைவி. "அது உங்களுக்குத்தாம்மா. எனக்கு அடிச்சு ஒரு மாசமாச்சு." மைதானமே சிரிப்பில் குலுங்குகிறது. தூக்கிவிட நீளும் கைகளில் எதிரணிக் கைகளும் இருக்கின்றன. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பார்க்கிறார். கயிற்றை இன்னும் விடவில்லை.