புளூட்டோவுக்கு ஒரு மார்க்

அந்த விடைத்தாளை மூன்றாவது முறையாகத் தலைமைத் தேர்வாளரின் மேசையில் வைத்தேன்.

“திரும்பவுமா? கோள்கள் ஒன்பதுன்னு எழுதியிருக்கு. புளூட்டோவைத் தள்ளி வச்சு எத்தனை வருஷமாச்சு. மார்க் கிடையாது சார்.”

“அந்த ஒரு மார்க் போட்டா இந்தப் பிள்ளை பாஸ் ஆயிடும் சார். கைடை மனப்பாடம் பண்ணியிருக்கு. வரிக்கு வரி அப்படியே இருக்கு.”

“உங்க சொந்தமா?”

“யாருன்னே தெரியாது. தாள்ல நம்பர்தானே இருக்கு.”

“அப்புறம் ஏன் உயிரை விடறீங்க? பேர்கூடப் போடாம எவனோ அந்தக் கைடை எழுதியிருக்கான். அந்த மேதாவியைப் போய்க் கேளுங்க.”

சிவப்புப் பேனாவை மூடினேன்.

“அந்த மேதாவிதான் சார், காலையிலேருந்து உங்க முன்னாடி நின்னு கெஞ்சிட்டிருக்கான்.”