நீலம் ஏறாத வேர்

சமர்கந்துக்கு வெளியே, மண் ஆய்வுக்கூடத்தின் ஒற்றை ஜன்னலில் வசந்தகால வெயில் சாய்ந்து கிடக்கிறது. அறை முழுக்க வினிகர் நெடி. மேசையின் ஒரு பக்கம் நஃபோசத் ஜக்ஜக் களையின் வேர்களை நறுக்கி வினிகர் கலந்த நீல மையில் போடுகிறாள். மறுபக்கம் கூட்டிப் பெருக்க வந்த ஹுமைரா, சோம்சாவுக்குப் பூரணமாக வைக்க அதே களையின் இலைகளைக் கிள்ளிப் பையில் போடுகிறாள். "தலை எனக்கு, வால் உனக்கு. சண்டையே இல்ல பாரு" என்று சிரித்தபடி ஹுமைரா நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறாள். வேறொரு களையின் வேருக்குள் பூஞ்சை, மை ஏறி, நீல நூலாக ஓடி, அறைக்கு அறை குட்டி மரமாகக் கிளைத்திருக்கிறது. "அடேயப்பா, உள்ள ஒரு குடித்தனமே நடக்குதே!" "மண்ணுலேர்ந்து செடிக்குச் சத்து கொண்டுவந்து குடுக்குற பூஞ்சைக்கா" என்று நஃபோசத் அதை எடுத்துவிட்டு நேற்றே மையில் ஊறிய ஜக்ஜக் வேரை வைக்கிறாள். "இதுல ஒண்ணையும் காணோமே?" "ஜக்ஜக் யாரையும் உள்ள விடாதுக்கா. அது குணம் அப்படி." "அப்ப எப்படித்தான் பொழைக்குது?" "நல்லாத்தான் இருக்கு. வழியெல்லாம் அதுதானே முளைச்சுக் கிடக்கு." ஹுமைரா பையின் வாயை இறுக்கிக் கட்டுகிறாள். "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வா, சூடா சாப்பிடலாம்." "இன்னும் நெறைய கிடக்குக்கா." "போன வசந்தத்துலயும் இதையேதான் சொன்ன." கதவு சாத்திக்கொள்கிறது; வாளியின் கைப்பிடிச் சத்தம் நடைவழியில் தேய்ந்து போகிறது. வெயில் மேசையை விட்டு இறங்கிவிட்டது. நஃபோசத் விளக்கைப் போட்டு, அந்த வெற்று வேரை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை மெல்ல நகர்த்திப் பார்க்கிறாள், எங்காவது ஒரே ஒரு நூல் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று.