சம்மனசின் சுண்டு விரல்

நினைவு ஆலயத்துப் பீடத்தில் வைக்கப் பளிங்கில் சம்மனசு, அதாவது இறக்கை வைத்த தேவதூதன் சிலை, ஒன்று வேண்டுமாம். அதற்கு மாதிரியாகத் தொம்மை ஆசாரி முதலில் பிளாஸ்டரில் ஒரு சம்மனசைச் செய்தார், கூடவே ஓர் ஆட்டுக்குட்டியையும். "இனி கல்லே நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளப்போகிறது" என்று பிளாஸ்டர்ச் சம்மனசு ஆட்டுக்குட்டியிடம் பெருமையடித்தது.

பளிங்குக் கல் வந்திறங்கிய அன்று, ஆசாரி தன் சாப்பாட்டுத் தூக்குவாளியைச் சம்மனசின் சுண்டு விரலில் மாட்டினார். விரல் பாதியோடு முறிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. காம்பஸை எடுத்து, இருப்பதை இருப்பதுபோலவே அளந்து கல்லில் குறித்தார். பிளாஸ்டர்ச் சம்மனசுக்கு ஒரே கூச்சம். ஆனாலும் அசையாமல் நின்றது. "பயப்படாதே தம்பி, உளி முதலில் அப்படித்தான் இருக்கும்" என்று கல்லுக்குத் தைரியமும் சொன்னது.

செதுக்கி முடித்ததும் பளிங்குச் சம்மனசு பளபளவென்று நின்றது. வண்டியேறும்போது பிளாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருப்பா இது? என்னைப் பார்த்து யாரோ அரைகுறையாகச் செய்திருக்கிறார்களே!"

ஆட்டுக்குட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க!"

பிளாஸ்டர்ச் சம்மனசுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பளிங்கின் கையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, உன் சுண்டு விரல் ஏன் பாதியாக இருக்கிறது?"

"இதுவா? பிறவி அழகு. வானுலகில் எங்கள் வம்சத்துக்கே இப்படித்தான்."

"ரொம்ப அழகு தம்பி. அங்கே யாராவது தூக்குவாளியோடு வந்தால் மட்டும் கையை மடக்கிக்கொள்."